கரை இல்லாத துணி

மழை வந்தால் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் எல்லோரும் வீட்டுக்குள் ஓடுவோம். மழை விட்டதும் அவர் ஒருவர் மட்டும் வெளியே ஓடுவார். நனையாமல் இருக்கச் சட்டைக்குள் செருகி வைத்திருந்த துணியை உருவிக்கொண்டு, டாக்டர் வீட்டு வாசலில் நிற்கும் கறுப்புக் காரிடம் போவார். மேகம் விலகி வெயில் விழுவதற்குள் அந்தக் காரின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்கக்கூடாது. நம் ஊரில் மழை பெய்யாத மத்தியானம் ஏது? ஆகையால் அநேகமாகத் தினமும் இந்த ஓட்டத்தை நாங்கள் ஜன்னல் வழியாகப் பார்ப்போம்.

அவர் டாக்டரின் டிரைவர். பெயர் இருந்தது, யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டாக்டர் வீட்டு டிரைவர் என்றால் பாசார் கடைத்தெரு வரைக்கும் தெரியும். நான் அப்போது ரயில்வேயில் கிராணி, அதாவது குமாஸ்தா. டாக்டர் வீட்டுக்கும் எங்கள் குவார்ட்டர்ஸுக்கும் நடுவில் ஒரு செம்பருத்தி வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் அவருடைய கார். இந்தப் பக்கம் என்னுடைய கௌரவம். இரண்டையும் பளபளப்பாக வைத்துக்கொள்ள நாங்கள் இருவரும் பட்ட பாடு கொஞ்சமல்ல.

"சாம்பல் கலர் வண்டி பொய் சொல்லும் கிராணியாரே," என்பார். "கறுப்பு வண்டிக்குப் பொய் சொல்லத் தெரியாது. விரல் வெச்சா விரல் தெரியும். மூச்சு விட்டா மூச்சு தெரியும்." இதைச் சொல்லிக்கொண்டே, நான் பேசும்போது காரின் பக்கம் மூச்சு விடாதபடி என்னை மெதுவாக நகர்த்தி நிற்க வைப்பார். என்னை யாரும் அப்படி நகர்த்தியதில்லை. ஆபீசில் இருந்த வெள்ளைக்காரத் துரை கூட வாயால்தான் சொல்வார்.

விடியற்காலையில், வெயில் வருமுன், மாமரத்து நிழலில் கழுவுவார். முதலில் வெறும் தண்ணீரை வார்த்துத் தூசியை இறக்குவார். தூசி இருக்கும்போது மேலே பட்டால் அது துணி இல்லை, உப்புத்தாள் என்பது அவர் கட்சி. பெல்ட், விரலில் இருந்த செப்பு மோதிரம், சட்டையின் பித்தளைப் பொத்தான் வரை கழற்றி ஒரு தகர டப்பாவில் போட்டுவிடுவார். பிறகு துணியை ஈரத்தின் மேல் விரித்துப் போட்டு, இரண்டு முனையையும் பிடித்துத் தன் பக்கமாக மெல்ல இழுப்பார். தேய்க்க மாட்டார். கூரையில் தொடங்கிக் கீழே வருவார். கை நேராகப் போகும், நேராக வரும். ஒருநாளும் வட்டம் சுற்றாது. கீழே விழுந்த துணி அன்றோடு சக்கரத்துக்குப் போய்விடும். அதற்கு மேலே ஏறும் யோக்கியதை கிடையாது.

எல்லாம் முடிந்தது என்று நாம் நினைக்கும்போதுதான் அவர் கள்ளத் தண்ணியைப் பிடிக்கக் கிளம்புவார். விளக்கின் பின்னாலும், கதவு இடுக்கிலும், எஞ்சின் மூடியின் சந்துகளிலும் பதுங்கியிருந்து, வண்டி புறப்பட்ட பிறகு மெதுவாக வழியும் தண்ணீருக்கு அவர் வைத்த பெயர் அது. கதவை ஒவ்வொன்றாகத் திறந்து ஓரமெல்லாம் துடைப்பார். வண்டியைத் தெருக்கோடி வரை ஓட்டி, சடாரென்று நிறுத்தி, வழிந்ததைத் துடைத்துவிட்டுத் திரும்பி வருவார். "தண்ணி தானாக் காயக்கூடாது. நாமதான் அதை அனுப்பி வைக்கணும். விட்டோம்னா ஒவ்வொரு சொட்டும் ஒரு வெள்ளைப் புள்ளியைக் குத்திட்டுத்தான் போகும்."

இந்தப் பைத்தியம் எங்கிருந்து வந்தது என்று ஒருநாள் கேட்டேன். பத்து வயதில் ஈப்போவில் ஒரு குதிரை லாயத்தில் சேர்ந்தாராம். தாய் தகப்பன், சொந்தம் சுற்றம் எதுவும் இல்லை. ஓடிவந்த குதிரையை ஈரத்தோடு விட்டால் அதற்குச் சளி பிடிக்கும். லாயக்காரன் சாட்டையைக் குதிரைக்கு எடுக்க மாட்டான், இவருக்கு எடுப்பான். குதிரை போய்க் கார் வந்தது. ஈரத்தைக் கண்டால் பதறும் பழக்கம் மட்டும் அவரோடேயே தங்கிவிட்டது.

அது காரோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சாப்பாட்டுக் கடையில் கிளாஸ் வைத்த இடத்தில் மேஜையில் விழும் ஈர வளையத்தைத் துடைத்துவிட்டுத்தான் காப்பி குடிப்பார். பக்கத்து மேஜைக்காரனின் வளையத்தையும் துடைப்பார். ஒரு தடவை கோவிலில் அபிஷேகம் முடிந்து தீபாராதனைக்காக எல்லோரும் கண்ணை மூடிக் கைகூப்பி நிற்கிறோம். இவர் குருக்களிடம் கிட்டே போய், "சாமி, பிள்ளையாருக்குக் காதுக்குப் பின்னால தண்ணி நிக்குது," என்று காதோடு சொன்னார். குருக்கள் கோபித்துக்கொண்டார். ஆனாலும் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு ஒற்றி எடுத்தார்.

எங்கள் அக்காவைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அப்பா கிள்ளான் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கங்காணியாக இருந்தவர். அக்காவை அங்கேயே கட்டிக் கொடுத்தோம். அவளுடைய இருபத்தாறாவது வயதில் அவள் புருஷன் காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளை குட்டி இல்லை. நான் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு அழைத்து வந்தேன். தோட்டத்திலேயே இருந்திருந்தால் அவள் கலர் சேலைதான் கட்டியிருப்பாள். அங்கே யாரும் அதைக் கேட்பதில்லை. வெள்ளை என் ஏற்பாடு. கோட்டுப் போட்ட கிராணிகளும் அவர்கள் மனைவிமாரும் இருக்கிற குவார்ட்டர்ஸில், நாமும் பெரிய இடத்து ஜனங்கள் என்று காட்ட வேண்டுமே! நான் கடைக்குப் போய்க் கரை இல்லாத மல் சேலையாக வாங்கி வந்து கொடுத்தேன். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். இதை எழுதும்போது எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆறு வருஷம் அந்த வெள்ளையிலேயே போயிற்று. அப்போது அப்பாவுக்கு உடம்பு முடியவில்லை என்று தோட்டத்திலிருந்து ஆள் வந்தது. டாக்டர் நல்ல மனுஷர். "ஏறுங்க, நானே வந்து பாக்கறேன்," என்று தன் காரிலேயே எங்களை அழைத்துப் போனார். போகும்போது இரண்டு மழை. நோயாளி காத்திருக்கும்போது டிரைவர் வண்டியை நிறுத்துகிற ஜாதி இல்லை. ஆனால் மழை விட்டு வெயில் அடித்த இடங்களில் அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்து டாக்டர் பையோடு உள்ளே ஓட, இவர் துணியோடு காரைச் சுற்றி ஓடினார். அப்பாவுக்கு ஒன்றும் ஆபத்தில்லை என்று டாக்டர் வெளியே வந்து சொன்னபோது, காருக்கும் ஒன்றுமில்லை என்ற முகத்தோடு இவர் நின்றார்.

திரும்பும்போது மூன்றாவது மழை. இப்போது அவசரம் இல்லை. மழை விட்டதும் ரப்பர் மரத்து நிழலில் வண்டியை ஓரம் கட்டி இறங்கிவிட்டார். டாக்டர் முன் சீட்டிலேயே தூங்கிப் போனார். அக்காவும் நானும் இறங்கி நின்றோம். அவர் துடைத்து முடித்து, கள்ளத் தண்ணியெல்லாம் பிடித்து, துணியைப் பிழிந்து உதறினார். அப்போது அக்கா சொன்னாள்:

"இடது பக்க விளக்குக்கு அடியில ஒரு சொட்டு விட்டுட்டீங்க."

அவர் குனிந்து பார்த்தார். இருந்தது. ஒரே ஒரு சொட்டு, விழலாமா வேண்டாமா என்று தொங்கிக்கொண்டிருந்தது. அதை ஒற்றி எடுத்துவிட்டு நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். அப்படி ஒரு மரியாதையோடு அவர் டாக்டரைக்கூடப் பார்த்து நான் கண்டதில்லை. அக்கா சிரித்துவிட்டாள். அவள் சிரித்து எத்தனையோ நாளாயிற்று. எனக்குப் பிடிக்கவில்லை. டிரைவரோடு என்ன பேச்சு என்று வீட்டுக்கு வந்ததும் கண்டித்தேன்.

அவருக்கு அந்தச் சமயம் துணிக் கஷ்டம். புதுத் துணி பஞ்சு உதிர்க்கும். டவல் முரடு. கார் துடைப்பதற்கென்றே சீமையிலிருந்து வந்த பதமான தோல் ஒன்றை டாக்டர் வாங்கிக் கொடுத்தார். "நல்லாத்தான் குடிக்குது டாக்டர். ஆனா உலர்ந்தா அப்பளம் ஆயிடுது," என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். நன்றாகப் பழகிய வேட்டிதான் உத்தமம். கரையைக் கிழித்து எறிந்துவிட வேண்டும், கரை நூல் கீறும். ஆகையால் பிரிக்ஃபீல்ட்ஸில் வேட்டி கட்டிய எவரும் அவரிடமிருந்து தப்ப முடியாது. பேசிக்கொண்டே நம் வேட்டி நுனியை இரண்டு விரலுக்கிடையில் வைத்து நிமிண்டிப் பார்ப்பார். "எத்தனை வருஷம் ஆச்சு? இன்னும் எட்டு மாசம் கட்டுங்க கிராணியாரே. அப்புறம் எனக்குத்தான், யாருக்கும் வாக்குக் கொடுத்துடாதீங்க லா."

இப்படிப்பட்டவர் கண்ணில் அக்காவின் சேலைகள் பட்டன.

முதலில் கவனித்தவள் என் மனைவி. "உங்க அக்கா துணி காயப்போடற நேரமாப் பாத்து அந்த டிரைவர் வேலியோரம் வந்து நிக்கறாரு," என்றாள். நான் ஜன்னலில் மறைந்து நின்று பார்த்தேன். உண்மைதான். சாமி சந்நிதியில் நிற்பவர் மாதிரி நின்றுகொண்டிருந்தார். இரண்டு நாள் கழித்து, காற்றில் வேலிக்கு மேல் பறந்து போன சேலை முந்தியைப் பிடித்து இரண்டு விரலால் நிமிண்டிப் பார்த்ததையும் கண்டேன். எனக்கு ரத்தம் கொதித்தது. கொடியைப் பின்பக்கம் மாற்றிக் கட்டச் சொன்னேன். அக்கா மாற்றிக் கட்டினாள். மூன்றாம் நாள் கொடி மறுபடியும் வேலியோரம் வந்துவிட்டது.

"பின்னால வெயில் இல்ல," என்றாள் அக்கா.

"ஆமா ஆமா, வெயிலே இல்ல," என்றாள் என் மனைவி. எனக்கு அப்போது ஒன்றும் புரியவில்லை. ரயில்வேயில் எனக்குக் கூர்மையான புத்திக்காரன் என்று பெயர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, பொதுக் குழாயடியில் அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாம் கூடியிருக்கும் நேரம். அவர் குளித்து, தலை சீவி, மோதிரம் போட்டுக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பொட்டலம்.

"கிராணியாரே, இதை அக்காகிட்டக் குடுங்க," என்றார். பிரித்தேன். அரக்குச் சிவப்பில் ஒரு சேலை. மஞ்சள் கரை.

குழாயடியில் ஒரு குடம் கீழே விழுந்த சத்தம் கேட்டது.

எங்கள் ஜனங்களில் புருஷன் இல்லாத பெண்ணுக்கு ஓர் ஆண் கலர் சேலை கொண்டுவந்து கொடுத்தால் அதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான். மேளம் வேண்டாம், ஐயர் வேண்டாம். அவள் அதை வாங்கிக் கட்டிக்கொண்டால் கல்யாணம் ஆகிவிட்டது. என் சொந்தச் சித்திக்கே தோட்டத்தில் இரண்டாம் கல்யாணம் இப்படித்தான் நடந்தது. குவார்ட்டர்ஸுக்கு வந்த பிறகு அப்படி ஒரு வழக்கம் இருப்பதே தெரியாத மாதிரி நான் நடந்துகொண்டிருந்தேன். குழாயடியில் இருந்தவர்களும் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தார்கள். ஆனால் குடம் மறக்கவில்லை.

"என்ன தைரியம் உமக்கு!" என்று கத்தினேன்.

அவர் விழித்தார். "சாயம் போகாது கிராணியாரே. ரெண்டு தடவை ஊறவெச்சுப் பாத்துட்டுத்தான் கொண்டாந்தேன்."

அடுத்த வீட்டு அம்மாள் குழாயடியிலிருந்து, "பாவம், அந்தப் பொண்ணு இனிமே இங்க எப்படித் தலை நிமிர்ந்து நடக்கும்?" என்று எனக்குக் கேட்கும்படி சொன்னார். அக்காவின் பெயர் கெட்டது, இனி அவளைத் தோட்டத்துக்கே அனுப்ப வேண்டியதுதான் என்று முடிவு செய்துவிட்டேன். பொட்டலத்தை எடுத்துக்கொண்டு, டிரைவரையும் இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன். இந்த ஆள் இன்றைக்கே வேலையை விட்டுப் போக வேண்டும், இல்லாவிட்டால் நான் ஊரைக் கூட்டுவேன் என்றேன். ஊர் ஏற்கெனவே கூடியிருந்தது.

டாக்டர் சேலையைப் பார்த்தார், டிரைவரைப் பார்த்தார். "என்னய்யா இது?"

"அக்காவோட பழைய சேலை ஒண்ணு எனக்கு வேணும் டாக்டர். சும்மா கேட்டா மரியாதை இல்லன்னு புதுசு வாங்கிக் குடுத்தேன்."

"பழைய சேலை உனக்கு எதுக்கு?"

யாராவது இதைக் கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவர் போல அவர் முகம் மலர்ந்தது. "கரை இல்ல டாக்டர். சரிகை இல்ல. சாயம் இல்ல. தினமும் தோய்ச்சுத் தோய்ச்சுப் பூ மாதிரி ஆயிருக்கு. எத்தனை பேரு வேட்டியைப் பாத்திருக்கேன்! அப்படி ஒரு துணி கோலாலம்பூரிலேயே கிடையாது. அதால ஒரு இழுப்பு இழுத்தா நம்ம வண்டியில ஒரு புள்ளி நிக்காது."

டாக்டர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு அந்த வழக்கத்தை அவருக்கு எடுத்துச் சொன்னார். குதிரை லாயத்தில் வளர்ந்தவருக்கு அதையெல்லாம் யார் சொல்லிக் கொடுத்திருப்பார்கள்? கேட்கக் கேட்க அவர் முகம் வெளுத்துப் போயிற்று.

"சத்தியமாத் தெரியாது கிராணியாரே. அவங்களை நான் அப்படி நெனைக்கவே இல்ல."

"ஏன் நெனைக்கல?" என்று நான் கத்தினேன். "என் அக்காவுக்கு என்ன குறைச்சல்?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. கட்டிக்கொள்ள நினைத்தான் என்று வந்த கோபத்தைவிட, நினைக்கவில்லை என்றதும் வந்த கோபம் பெரிதாக இருந்தது. டாக்டர் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"குறைச்சல் ஒண்ணும் இல்ல," என்றார் டிரைவர், தலையைக் குனிந்துகொண்டு. "நான்தான் அந்த எண்ணத்துக்கெல்லாம் லாயக்கில்லாதவன்."

டாக்டர் என்னிடம் கேட்டார்: "இவ்வளவு நடந்திருக்கே, உங்க அக்காவை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

கேட்கவில்லை. வீட்டுக்குத் திரும்பினேன். அக்கா கூடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"சேலை எங்க?" என்றாள்.

"டாக்டர் வீட்டு மேஜையில."

"எனக்கு வந்ததை ஏன் அங்க வெச்சிட்டு வந்தே?"

அவளைச் சமாதானப்படுத்துகிறேன் என்று நினைத்துக்கொண்டு சொன்னேன்: "அவர் உன்னை நெனைச்சுக் குடுக்கலக்கா. கார் துடைக்கத் துணிக்காகத்தான் கேட்டாராம்."

"தெரியும்," என்றாள் அக்கா. "வேலியோரம் நின்னு மூணு மாசமா அவர் சேலையைத்தான் பாத்தாரு. நான்தான் அவரைப் பாத்தேன்."

அக்கா உள்ளே போய்த் தன் பெட்டியைத் திறந்தாள். வெள்ளைச் சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக எடுத்து வந்து என் கையில் வைத்தாள். ஆறு இருந்தன. ஒவ்வொன்றும் நான் வாங்கிக் கொடுத்தது.

"கட்டியிருக்கறது ஒண்ணு. அதை நாளைக்குத் தரேன்னு சொல்லு."

"எல்லாத்தையும் குடுத்துட்டு நீ எதைக் கட்டுவே?"

"அதை அவரைக் கேளு," என்றாள்.

அக்கா என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. வாசற்கதவைத் திறந்துவிட்டு, நான் போவதற்காக ஒதுங்கி நின்றாள். அந்த மெல்லிய சேலைகள் ஆறும் சேர்ந்து என் கையில் கனத்தன.

அவர் காரின் பக்கத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தார். அவர் சும்மா நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான். மூட்டையை நீட்டினேன். வாங்கி, மேலே இருந்ததை இரண்டு விரலுக்கிடையில் வைத்துப் பார்த்தார். கண்கள் ஒரு நொடி மூடின.

"ஆறு இருக்கே கிராணியாரே. நான் ஒண்ணுதானே கேட்டேன்?"

அக்கா சொன்னதைச் சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவர் அப்படியே காரின் படிப்பலகையில் உட்கார்ந்துவிட்டார். ஈரக் கையோடு யாரையும் கிட்டே வரவிடாதவர், கண்ணில் வந்த தண்ணீரைப் புறங்கையால் துடைத்துவிட்டு அந்தக் கையைக் காரின் கதவிலேயே ஊன்றிக்கொண்டார்.

பிறகு எழுந்து டாக்டர் வீட்டு வராந்தாவுக்குப் போய் அந்தச் சிவப்புச் சேலையை எடுத்து வந்தார். அதை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.

"இது சரியில்ல," என்றார். "சாயம் போகுமான்னு மட்டும்தான் கேட்டு வாங்கினேன். அக்காவுக்கு எந்தக் கலர் பிடிக்கும்?"

யோசித்தேன். சின்ன வயதில் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு திரிந்தபோது அவள் என்ன நிறப் பாவாடை கட்டியிருந்தாள்? கல்யாணத்துக்கு என்ன கட்டினாள்? எதுவும் ஞாபகம் வரவில்லை. ஆறு வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்திருக்கிறேன்.

"தெரியாது," என்றேன்.

"தெரியாதா?" தூசியின் மேல் துணி வைத்தவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார். "போய்க் கேட்டுட்டு வாங்க. கடை திறந்திருக்கும்போதே கேட்டுட்டு வாங்க!"

குழாயடியில் இன்னும் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. அத்தனை பேரும் பார்த்துக்கொண்டிருக்க, ரயில்வே கிராணியான நான், செம்பருத்தி வேலியின் சந்துக்குள் புகுந்து, என் அக்காவுக்கு எந்த நிறம் பிடிக்கும் என்று கேட்பதற்காக ஓடினேன்.